சபைப் பதிவில் நான் வெட்டிய பெயர்

அன்பு மகன்,

போன கிழமை தொலைபேசியில் இரண்டு விஷயம் கேட்டாய். ஆண்டு விழா மலருக்கு எங்கள் சபையின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னாய். பிறகு, நாலு ஞாயிறாகக் கடைசி வாங்கில் வந்து இருக்கிற அந்தப் புது ஆளைப் பற்றி எனக்கு ஏதும் தெரியுமா என்று கேட்டாய். வருகிற ஞாயிறு ஆராதனை முடிய உறுப்பினர் கூட்டம் என்றும், அவனை இனி வர வேண்டாம் என்று தீர்மானம் போடத்தான் அந்தக் கூட்டம் என்றும் சொன்னாய். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லத் தொடங்கினால் நீ "சரி அம்மா, விடுங்கோ" என்று பாதியில் நிறுத்திவிடுவாய். எழுதினால் கடைசிவரை வாசித்தே ஆக வேண்டும்.

முதலில் அந்த ஆள். உங்கள் எல்லாருக்கும் முன்னால் அவனைச் சந்தேகித்தது நான்தான். முதல் ஞாயிறே கவனித்துவிட்டேன். பாட்டுப் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு மூன்று பாட்டையும் முழுதாகப் பாடினான். புதிதாக வருகிறவனுக்கு எங்கள் பாட்டு எப்படிப் பாடம்? இரண்டாம் ஞாயிறு வாசலில் நின்று அத்திவாரக் கல்லைக் கைபேசியில் படம் எடுத்தான். மூன்றாம் ஞாயிறு போதகரிடம் போய், பழைய உறுப்பினர் பதிவுப் புத்தகம் இன்னும் இருக்கிறதா, பார்க்கலாமா என்று கேட்டான். காணி பிடிக்க வந்தவன் என்று சிலர் சொன்னீர்கள், உளவு பார்க்க வந்தவன் என்று சிலர் சொன்னீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அவனுடைய மோட்டார் சைக்கிள் இலக்கத்தை வேதப்புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்தேன். பஸ் ஏறிப் பாலையூற்றுக்குப் போய், அவன் தங்கியிருக்கிற வீட்டுக்கு முன்னால் உள்ள கடையில் ஒரு சவர்க்காரத்தை வாங்கிக்கொண்டு விசாரித்தேன். கடைக்காரப் பிள்ளை, "அவர் குச்சவெளிப் பக்கம் ரோட்டு வேலைக்கு வந்தவர் அம்மா. சத்தம் சந்தடி இல்லாத மனுசன்" என்றாள். சத்தம் சந்தடி இல்லாதவன் என்றதும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிப் போய்விட்டது.

இது எனக்குப் பிறவிக் குணம் என்று நீ நினைப்பாய். அப்படியில்லை. நீ பிறப்பதற்கு முன்னிருந்தே நான் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை செய்தவள். யார் யாரோடு கதைக்கிறார்கள், எந்தக் குரல் பொய் சொல்லுகிறது என்று காதை வைத்தே எனக்குத் தெரியும். இணைப்பில் மூன்றாவது ஆள் இருந்து ஒட்டுக் கேட்டால் சத்தம் கொஞ்சம் பள்ளத்துக்குள் இறங்கின மாதிரி இருக்கும். அதையும் நான் அறிவேன். அதை நீ நினைவில் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தில் எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம் அதுதான்.

வரலாறு கேட்டாய். மலரில் எல்லாரும் எழுதுகிற பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலீசுக்காரன் காலத்தில் கப்பல் பட்டறைக்கு வேலைக்கு வந்த ஒரு தச்சர், விடுமுறையில் போன இடத்தில் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு வந்து, தன் கொட்டிலில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தினார். மூன்று குடும்பம் சேர்ந்தது. உடைந்த பாரப் படகின் பலகையை வாங்கிப் பிரசங்க பீடம் செய்தார். அதுதான் இப்போதும் நிற்கிறது. அதன் இடப் பக்கத்தில் ஆணி அடித்த ஓட்டைகளை நீ சிறுவயதில் எண்ணிக்கொண்டிருப்பாய். கிடுகுக் கூரை ஓட்டுக் கூரையானது, புயலில் அது போனது, தகரம் வந்தது. இரண்டு தரம் எல்லாரும் இடம்பெயர்ந்து போய் இரண்டு தரம் திரும்பி வந்தோம். இதையெல்லாம் நீயே எழுதலாம். எழுத ஒருவரும் முன்வராத பகுதி ஒன்று இருக்கிறது. அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று இந்தக் கிழமைதான் எனக்குத் தெரிய வந்தது.

எங்களுக்கு ஆயர் இல்லை, மேலிடம் இல்லை. உறுப்பினர் கூடிக் கை உயர்த்தித் தீர்மானிப்பதுதான் எங்கள் சட்டம். குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்க மாட்டோம். வளர்ந்த ஆள் தானாக விசுவாசித்து, தண்ணீருக்குள் முழுதாக இறங்கி எழும்பினால்தான் பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறும். அந்தப் புத்தகத்தை எழுதினவள் நான். இன்று நீ இருக்கிற அதே செயலாளர் பொறுப்பு.

சண்டைக் காலம். தோப்பூருக்கு அங்கால ஒரு கிராமத்திலிருந்து நேசன் என்று ஒரு இளந்தாரி இடம்பெயர்ந்து வந்தான். தையல்காரன். சபை மண்டபத்தின் பின் அறையில் இருந்துகொண்டு எல்லாருக்கும் உடுப்புத் தைத்துக் கொடுத்தான். உன் முதல் காற்சட்டையும் அவன் தைத்ததுதான். ஆறு மாதம் ஆராதனைக்கு வந்து, பிறகு ஞானஸ்நானம் கேட்டான். அந்த நாட்களில் குடாக்கரைக்குப் போகவே அனுமதி வேண்டும். எங்களில் நன்றாகச் சிங்களம் கதைக்கக்கூடியவர் அருமைநாயகம் அண்ணர் ஒருவர்தான். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் புதன்கிழமை சோதனைச் சாவடிக்குப் போய் அனுமதிக் கடதாசி வாங்கிக்கொண்டு வந்தார். கடதாசியில் பெயர் இல்லை. ஒரு ஆளுக்கு ஞானஸ்நானம் என்று மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு காலமை எல்லாரும் பாடிக்கொண்டு கரைக்குப் போனோம். போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நேசன் வெள்ளை உடுப்போடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு வாகனம் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். சீருடை இல்லை. யார் எவர் என்று அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. "நேசன் ஆர்?" என்றார்கள். அவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "நான்தான்" என்றான். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போதகர் தண்ணீரிலேயே நின்றார். அவரைக் கையில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நேசன் பிறகு வரவே இல்லை.

அவனுடைய தாய் மூன்று தரம் வந்தா. சைவக்காரி, எங்கள் வழமை ஒன்றும் தெரியாது. கடைசித் தரம் வந்தபோது, "உங்கட புத்தகத்தில அவன்ர பேர் இருக்கே பிள்ளை?" என்று என்னைக் கேட்டா. தண்ணீரில் இறங்கவில்லை, அதனால் பெயர் ஏறவில்லை என்று அந்த மனுசிக்கு நான் எப்படிச் சொல்லுவது? ஆனால் சொன்னேன். "அப்ப ஒரு இடத்திலயும் இல்லை" என்றுவிட்டு எழும்பிப் போனா.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் சபை முழுவதையும் பிடித்து ஆட்டியது. கடதாசியில் இல்லாத பெயர் அவர்களுக்கு எப்படிப் போனது? யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற பார்வை மாறியது. ஆராதனை முடிந்தால் கதவடியில் நின்று கதைக்கிற வழக்கம் நின்றது. அடுத்த ஞாயிறு உறுப்பினர் கூட்டம். நீ என் மடியில் இருந்தாய், இரண்டு வயது, நித்திரை. கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "அருமைநாயகம் அண்ணர் புதன்கிழமையே கடதாசி வாங்கியிட்டார். பிறகேன் வெள்ளிக்கிழமையும் சாவடியில நிண்டவர்? சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டதை பஸ்ஸுக்குள்ள இருந்து நான் கண்டனான்" என்றேன்.

நான் கண்டது உண்மை. அவர் எழும்பினார். "புதன்கிழமை சைக்கிள் சில்லில காத்துப் போயிட்டுது. அங்க விட்டுட்டு நடந்து வந்தனான். வெள்ளிக்கிழமை எடுக்கப் போனனான்" என்றார். "ரெண்டு நாளா சைக்கிளை அங்கயோ விடுவினம்?" என்று நான் கேட்டேன். நன்றாகக் கேட்டேன், ஒரு வழக்கறிஞர் மாதிரி. அவர் என்னைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டார். அந்த மௌனத்தைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டோம். வாக்கெடுப்பு நடந்தது. உன் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கை உயர்த்தவில்லை. மற்ற எல்லாரும் உயர்த்தினோம். வீட்டுக்குப் போய் அடிமட்டம் வைத்து அவருடைய பெயரையும் அவருடைய மனுசி றோசி அக்காவின் பெயரையும் சிவப்பு மையால் வெட்டினேன். உன் அப்பா குசினி வாசலில் நின்று, "உனக்கு நிச்சயமாத் தெரியுமே?" என்று ஒரு தரம் கேட்டார். நான் புத்தகத்தை மூடினேன். அந்த மாதம் முடிய முதலே அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

மகன், எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதைவிட மோசமானது ஒன்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை பின்னேரம், கந்தோரில் ஆட்கள் குறைந்த நேரம், இணைப்புப் பலகையிலிருந்து கொழும்பில் இருந்த உன் பெரியம்மாவோடு கதைத்தேன். "ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். தோப்பூர்ப் பக்கத்துப் பொடியன், நேசன், எங்கட மண்டபத்திலதான் இருக்கிறான். வெள்ளைப் பொப்ளின் துணி இஞ்ச கிடைக்குதில்லை, நாளைக்கு வாற ஆளிட்டக் குடுத்து விடு" என்றேன். சொல்லி முடிக்கிறபோது சத்தம் பள்ளத்துக்குள் இறங்கியது. நான் சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டேன். இப்படி இணைப்புக்குள் ஆள் இருக்கிறது எல்லா நாளும் நடக்கிற விஷயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வாயால்தான் பெயர் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் எழும்பின வேகம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியும். வேறு யாராவது என் பக்கம் திரும்புவதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தது. சந்தியில் நின்று வழிகாட்டுகிற ஆள் மாதிரி, சந்தேகத்தை அவர் பக்கம் கையைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு, சந்தியில் சைக்கிள் திருத்துகிற கிண்ணியாக்கார நானாவிடம் உன் சைக்கிளைக் கொண்டு போனேன். கதையோடு கதையாக அருமைநாயகம் அண்ணரின் பெயர் வந்தது. "அந்தப் பெரிய மனிசனா? அந்தப் பொடியனக் கரையில ஏத்திக்கிட்டுப் போறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டப் போற நேரம் சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தாரு. பின் சில்லு ரியூப் மாத்திக் குடுத்தேன். ரெண்டு நாளு சாவடிக் காம்ப் வேலியில சாத்தி வெச்சிருந்ததாம்" என்றார். "இதை ஏன் நானா அப்பவே சொல்லேல்ல?" என்று கேட்டேன். அவர் திருத்துகிறதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒருத்தரும் என்னட்ட வந்து கேக்கல்லியே, பிள்ள."

அன்றைக்கே நான் போதகரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. புத்தகத்தை அலுமாரியின் மேல் தட்டில் பழைய திரைச்சீலைகளுக்குள் வைத்துவிட்டேன். நீ செயலாளராகத் தெரிவானபோது, கறையான் தின்றுவிட்டது என்று உனக்குச் சொன்னது பொய். அது என்னிடம்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தப் புது ஆள் புத்தகம் கேட்டான் என்றதும் பஸ் ஏறிப் பாலையூற்றுக்கே போனேன். நீங்கள் காணிக்காகப் பயந்தீர்கள். நான் எனக்காகப் பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை பாலையூற்று பஸ் தரிப்பில் அவனைப் பிடித்தேன். "தம்பி, அடையாள அட்டை இருக்கோ?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அம்மா பொலிசோ?" என்றான். ஆனாலும் எடுத்துத் தந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அருமைநாயகம் சாமுவேல். கையில் இருந்த அட்டையைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்பா போன வருஷம் காலமாகிட்டார்" என்றான். "நாங்கள் இருந்த இடத்தில எங்கட சபை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா வீட்டிலயே பாட்டுப் படிச்சு, ஜெபம் பண்ணுவார். தன்ர பேர் எழுதின புத்தகம் ஒண்டு இஞ்ச இருக்கெண்டு சொல்லுவார். இந்தப் பக்கம் வேலை கிடைச்ச உடன ஒருக்காப் பாக்க வேணும் போல இருந்தது." பெயர் வெட்டப்பட்டது அவனுக்குத் தெரியுமா என்று முகத்தைத் துருவிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. "ஆர் எழுதினது அந்தப் புத்தகம்?" என்று கேட்டான். "பழைய ஆக்கள் ஆரோ" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எந்த பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் திரும்பப் போனேன். புத்தகத்தையும் பையில் கொண்டு போனேன். அவன் தங்கியிருக்கிற வீட்டு விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையை எனக்குப் போட்டுவிட்டு அவன் படியில் இருந்தான். பக்கத்தைத் திறந்து காட்டினேன். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தான். கூட்டம், சைக்கிள், நானா, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாகத் தொலைபேசிக் கதையைச் சொன்னேன். உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லாததை அவனுக்குச் சொன்னேன்.

அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். "அப்பாவுக்குத் தெரியும் அம்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு ஏதோ கடதாசியில கையெழுத்து வாங்க உங்கட கந்தோருக்கு வந்தவராம். கதவு திறந்திருந்ததாம். நீங்கள் ரெலிபோனில கதைச்சது முழுக்க அவருக்குக் கேட்டதாம்."

மகன், அந்த நேரத்திலும் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? இவன் பொய் சொல்லுகிறான் என்றது. நான் சொன்னதை வைத்தே என்னை மடக்குகிறான் என்றது. நான் துணி விஷயத்தை அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதனால், "நான் அப்ப என்ன கதைச்சனான்?" என்று சோதித்துக் கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, "வெள்ளைத் துணி, பொப்ளினோ என்னவோ, ஆரிட்டயோ குடுத்து விடச் சொன்னீங்களாம்" என்றான்.

"பிறகேன் அவர் கூட்டத்தில சொல்லேல்ல?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நாங்களும் கேட்டனாங்கள். அம்மா எத்தினை தரம் சண்டை பிடிச்சவ. அப்பா ஒண்டைத்தான் சொல்லுவார். அந்தப் பிள்ளையின்ர மடியில ஒரு குழந்தை நித்திரையாக் கிடந்தது, நான் வாயைத் திறந்திருந்தா, பேரைக் குடுத்தவ எண்டு அடுத்த வாகனம் அவவிட்ட வந்திருக்கும் எண்டு."

அந்தக் குழந்தை நீ. கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்ததை இத்தனை வருஷமாகக் குற்றவாளியின் தடுமாற்றம் என்று நினைத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு வாகனமும் வரவில்லை. நீ பள்ளிக்கூடம் போனாய், வாத்தியார் ஆனாய், கலியாணம் கட்டினாய். அவருடைய பிள்ளைகள் தெரியாத ஊரில் தகரக் கொட்டிலில் வளர்ந்தார்கள். இதை உனக்குப் பாரமாக்கச் சொல்லவில்லை. கை உயர்த்தச் சொல்லி ஒரு கூட்டத்தைக் கூப்பிடுகிற உரிமை இப்போது உன்னிடம் இருக்கிறது. அதனால் சொல்லுகிறேன். ஒருவன்மேல் சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேள். பக்கத்து ஆளிடமும் கேள், சைக்கிள் கடையிலும் கேள். வாக்கெடுப்புக்கு விடாதே. கை உயர்த்துகிற கூட்டத்தில் யார் எதற்குப் பயந்து உயர்த்துகிறார்கள் என்று உனக்குத் தெரியவராது. மிகவும் உறுதியாகப் பேசுகிற ஆளைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனி.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. சாமுவேல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோதுகூட, இவன் ஏன் இவ்வளவு மரியாதையாக இருக்கிறான் என்று ஒரு பக்கம் யோசித்துக்கொண்டுதான் குடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் "ஓம்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. "அம்மாவிட்டக் கேட்டுச் சொல்லுறன். அவ இன்னும் இருக்கிறா" என்றான். றோசி அக்கா என்ன சொல்லுவா என்று எனக்குத் தெரியாது. ஒரு பதிலும் வராமலும் போகலாம். அதைக் கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை நிறுத்தாதே. நடத்து. சாமுவேலை முன் வாங்கில் இருத்து. புத்தகத்தை நான் கொண்டு வருவேன். நான் எழும்பி, அருமைநாயகம் அண்ணரும் றோசி அக்காவும் பொய்யான சந்தேகத்தில் நீக்கப்பட்டவர்கள், அதைக் கிளப்பினவள் நான், அந்தத் தீர்மானத்தைச் சபை ரத்துச் செய்ய வேண்டும் என்று கேட்பேன். என்னை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சபை பிறகு தீர்மானிக்கட்டும். மலரில் இந்தக் கடிதத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் போடு. போதகர் வேண்டாம் என்றாலும் போடு. நேசனுடைய பெயரை உறுப்பினர் பதிவில் ஏற்ற எங்கள் சட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொல்லுவார்கள். சரியாகத்தான் சொல்லுவார்கள். அப்படியென்றால் வரலாற்றில் எழுது. தண்ணீருக்கு மூன்று அடி இந்தப் பக்கம் நின்றவன் என்று எழுது.

கூட்டக் குறிப்பு எழுதுவது நீதான். நான் எழும்பினவுடன் நீ பேனையை வைத்துவிட்டு என்னைப் பிடித்து இருத்தப் பார்ப்பாய். அப்படிச் செய்யாதே, மகன். நீ அன்றைக்குச் செயலாளர். பேசியது அம்மா என்று எழுதாதே. உறுப்பினர் என்று போட்டு, என் முழுப் பெயரையும் எழுது.